பாராட்டியவன் காலடி மண்

1

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் கௌசல்யா, அரவிந்த், கேமராவைத் திறக்காமலே இரண்டு பருவங்களை ஓட்டிவிட்ட இன்னும் நான்கு பேர், பிறகு நான். என் மகள் யாழினி பாதி நேரம் மடியில் இருந்தாள். வராதவன் வசந்த் ஒருவன்தான்.

கூட்டம் என்பது பெரிய வார்த்தை. சனிக்கிழமைகளில் ஜெர்மனியில் எனக்குக் காலை காபி நேரம். தாம்பரத்தில் அவர்களுக்குச் சாப்பாடு முடிந்து கண் சொக்கும் நேரம். நான் படித்த கல்லூரியில் இப்போது படிக்கும் சிலரும் நானும் கைபேசித் திரையில் கூடுகிறோம். வியாபாரம், வேலை, மனிதர்கள் நடந்துகொள்ளும் விதம் ஆகியவற்றைப் பற்றி உலகம் முழுக்க விற்கும் புத்தகங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, மாதத்துக்கு ஒன்றாகப் படிக்கிறோம். எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அட்டைதான். தடித்த எழுத்து, மேல்நோக்கிப் போகும் ஓர் அம்புக்குறி.

இதை நான் ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு நேர்காணல். கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்தவர், "சமீபத்தில் என்ன புத்தகம் படித்தீர்கள்?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாடப்புத்தகத்துக்கு வெளியே படிப்பது என்ற ஒன்று இருப்பதே எனக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி வரும்போது வாயில் ஒரு பதில் இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒரே ஒரு விதி வைத்தேன். படித்தால் மட்டும் போதாது. புத்தகம் சொல்வதை ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்.

"வசந்த் ஏன் வரல?" என்று கேட்டேன்.

அரவிந்த் தொண்டையைச் செருமினான். "அண்ணா, அவன் வண்டலூர் பக்கத்துல பார்சல் குடோன்ல சனிக்கிழமை ஷிப்டுக்குப் போயிட்டான்."

"டிபன் கடை வேலை?"

கௌசல்யாதான் சொன்னாள். "கடைக்கு வராதன்னு சுலோச்சனாக்கா சொல்லிட்டாங்கண்ணா. நீங்க குடுத்த ஹோம்வொர்க்குனாலதான்."

2

விஷயத்துக்குப் போகும் முன் அந்தப் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் அவர்களோடு உட்காருவது சொல்லிக்கொடுக்க அல்ல. என்ன சொல்லப்போகிறார்கள் என்று கேட்கும் ஆசையில்தான்.

விடியற்காலையில் எழுந்தால் வாழ்க்கை மாறும் என்றது முதல் புத்தகம். கௌசல்யா கோவளம் பக்கத்துக் குப்பத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். புத்தகம் குறிப்பிட்டிருந்த நேரத்தைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "அண்ணா, எங்க வூட்ல இந்நேரத்துக்கு எழுந்தா, உடம்பு சரியில்லயான்னு கேப்பாங்க. அதுக்குள்ள அப்பா கரைக்கே திரும்பி வந்துருவாரு. இத்த எழுதுனவரு யாரப் பாத்து எழுதுனாரு?"

அந்நியர்களிடம் பேசிப் பழகு, தொடர்புகள் பெருகும் என்றது இன்னொன்று. அரவிந்தின் குடும்பம் ஊரப்பாக்கத்தில் ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் இப்போது வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறது. அவனுக்கு இந்தப் புத்தகங்கள் மேல் பக்தி. மின்சார ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசியிருக்கிறான். "கிண்டில ஹலோ சொன்னேண்ணா. மீனம்பாக்கத்துல அப்பா என்ன பண்றார்னு கேட்டாரு. பல்லாவரத்துல எத்தன வீடு வாடகைக்கு விட்ருக்கீங்கன்னாரு. குரோம்பேட்டைல நட்சத்திரம் கேட்டாரு. நான் தாம்பரம் சானடோரியத்துலயே எறங்கிட்டேன்."

"உன் ஸ்டேஷன் ஊரப்பாக்கம் ஆச்சே?"

"அடுத்த வண்டியப் புடிச்சேண்ணா."

இப்படிப் போய்க்கொண்டிருந்த கூட்டத்தில்தான் அந்த மாதம் பாராட்டுப் புத்தகம் வந்தது. அதன் சாரம் இதுதான்: மனிதர்கள் சம்பளத்தைவிடப் பாராட்டுக்கு ஏங்குகிறார்கள். ஆனால் பொத்தாம்பொதுவாகப் பாராட்டக் கூடாது. எந்த வேலை, எந்த அளவில் நன்றாக இருக்கிறது என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். அதுவும் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும்.

"இந்த வாரம் ஆளுக்கு மூன்று பேரைப் பாராட்டுங்கள்," என்றேன். "குறிப்பாக, நாலு பேர் முன்னால்."

கௌசல்யா அப்போதே முகத்தைச் சுளித்தாள். "எங்க பக்கம் வலை நெறைய மீன் வந்தாக்கூட யாரும் வாயத் தொறக்க மாட்டாங்கண்ணா. எப்டி இருந்துச்சுன்னு கேட்டா, ஏதோ கெடச்சுதுன்னு சொல்லுவாங்க. நான் போயி சூப்பர்னு சொன்னா அடிதான் வுழும்."

"செஞ்சு பாரு, அப்புறம் சொல்லு," என்றேன். விதி விதிதானே.

3

விதி எனக்கும் உண்டு. நானும் செய்து பார்த்தேன்.

பல்சக்கரங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அளவு சரிபார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். எனக்கு மேலே இருப்பவர் உவே. ஐம்பதைக் கடந்தவர், அளந்து பேசுகிறவர். என் வேலை சரியாக இருந்தால் அவர் சொல்வது ஒரே வார்த்தை: "பாஸ்ட்." பொருந்துகிறது என்று அர்த்தம். வந்த புதிதில், பொருந்தினால் மட்டும் போதுமா, நன்றாக இருக்கிறதா இல்லையா என்று குழம்பிக் கிடந்தேன். ஒருநாள் திடீரென்று புரிந்தது. இது என் அப்பாவின் "பரவால்ல."

அப்பா திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் உதவியாளர். எழுத்து தெரியாது. பரீட்சைக்குப் பிறகு என் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்தால், தாளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "பரவால்ல" என்பார். அதற்குமேல் ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் பயந்திருப்பேன் என்றுகூடத் தோன்றுகிறது.

சரி, பாடத்துக்கு வருகிறேன். ஒரு காலையில் நாலு பேர் முன்னால் உவேயிடம் சொன்னேன்: "அளவுக் கருவிகளை நீங்கள் முதல் நாள் மாலையே துடைத்து வரிசையாக வைத்துவிடுவதால் எனக்குக் காலையில் நிறைய நேரம் மிச்சமாகிறது. நன்றி." இதை முதல் நாளே இலக்கணப் பிழை இல்லாமல் எழுதிப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தேன்.

உவே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, மணி. உனக்கு என்ன வேண்டும்? லீவா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று அவரை நம்ப வைக்க மதிய உணவு வரை ஆயிற்று. அதற்குப் பிறகும் இரண்டு நாள், நான் எப்போது வாயைத் திறந்தாலும், "இதோ, இப்போது கேட்கப்போகிறான்" என்று காத்திருந்தார்.

வீட்டில் இதன் மறுபக்கம் நடந்துகொண்டிருந்தது. என் மனைவி சங்கீதா யாழினியின் கன்னத்தில் தினமும் கறுப்புப் பொட்டு வைத்து அனுப்புவாள். மழலையர் பள்ளியில் கிறிஸ்டினே என்ற பணியாளர் அதை ஈரத்தாளால் தினமும் துடைத்துவிடுவார். ஒருநாள் அவர் என்னைத் தனியே அழைத்து, குழந்தை தன் முகத்தில் தானே கிறுக்கிக்கொள்கிறதா என்று கேட்டார். இல்லை, நாங்கள்தான் வைக்கிறோம் என்றேன். ஏன் என்றார். எனக்கு இருந்த ஜெர்மனில், "குழந்தை மிகவும் அழகாக இருந்துவிடக் கூடாது என்பதற்காக" என்று சொன்னேன்.

அவர் முகம் மாறிய விதத்தை இன்றும் மறக்க முடியவில்லை. அடுத்த வாரம் ஒரு கடிதம் வந்தது. பெற்றோர் உரையாடலுக்கு நேரம் குறித்திருந்தார்கள். நிர்வாகி ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர், கிறிஸ்டினே, நாங்கள் இரண்டு பேர். கண் படுவதென்றால் என்ன என்று நான் அரைமணி நேரம் விளக்கினேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு பொட்டு யாழினியின் உள்ளங்காலுக்கு, காலுறைக்குள் இடம்பெயர்ந்துவிட்டது.

ஆனால் யாழினி அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டாள். படம் வரைந்து என் முகத்துக்கு நேரே நீட்டுவாள். "பரவால்ல" என்பேன். "அப்பா, டோல் சொல்லு!" என்று காலை உதைப்பாள். டோல் என்றால் அபாரம். அந்தச் சொல் என் வாயிலிருந்து வரும்வரை தாளை இறக்க மாட்டாள்.

4

அந்தச் சனிக்கிழமை கூட்டம் முடிந்ததும் வசந்தை அழைத்தேன். எடுத்தான். பின்னால் வண்டிச் சத்தம்.

"நான் சொன்ன மாதிரிதான் செஞ்சேன்ணா," என்றான். "அக்கா கடைல நல்ல கூட்டம். எல்லாரும் தட்டோட நிக்கிறாங்க. அப்போ சொன்னேன்: 'அக்கா, இந்த ரோட்டுல ஏழெட்டு டிபன் கடை கீது. மாவு பஞ்சு மாதிரி பொங்குறது உங்க ஒருத்தர்கிட்டதான். இன்னிக்கு ஒரு ஈடு இட்லிகூட மீறல, எல்லாம் காலி.'"

குறிப்பாகச் சொல்லியிருந்தான். நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தான். நானாக இருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

"அக்கா என்ன சொன்னாங்க?"

"கரண்டியக் கீழ வச்சுட்டு என்னயே பாத்தாங்க. அவ்ளோதான்."

மறுநாள் மாவு பொங்கவில்லை. இட்லி கல்லு கல்லாக வந்தது. அடுத்த நாள் கிரைண்டர் மோட்டார் புகைந்தது. அதற்கடுத்த நாள் மழைநீர்க் கால்வாய்க்காகச் சரியாகக் கடை வாசலில் பள்ளம் தோண்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். வாடிக்கையாளர்கள் எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். சுலோச்சனா அக்கா வசந்தைக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்குக் கடைப்பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கடையில் வசந்த் இரண்டு வருடமாக மாலை வேலை செய்கிறான். அப்பா லாரி ஓட்டுகிறவர். போனால் பத்து நாள் வீட்டுக்கு வருவதில்லை. இரவுச் சாப்பாடு அக்கா கடையில், பருவக் கட்டணம் அக்கா கொடுக்கும் கூலியில். கட்டணத்துக்கு அந்த மாதக் கடைசி நாள் கெடு.

"கட்டணத்த நான் கட்டிடறேன்டா," என்றேன்.

"வேணாம்ணா." அவன் தயங்கவே இல்லை. "நீங்க கட்டிட்டா எனக்கு இனிமே கடை தேவையில்லன்னு ஆயிடும். அக்காவும் அப்டியே நெனச்சுக்குவாங்க. எனக்கு அங்க திரும்பப் போவணும்ணா."

இரண்டு நாள் கழித்து வசந்தின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவன் இல்லை.

"ஹலோ, புக்கு சாரா?"

"ஆமாங்க. நீங்க..."

"நான்தான் சார் இட்லிக்கட சுலோச்சனா. இன்னா சார், படிக்கிற புள்ளைங்களுக்கு இத்தயா சொல்லிக் குட்ப்பாங்க? நாலு பேரு துன்னுகினு கீற எடத்துல, மாவு பொங்குது, ஈடு மீறலன்னு கணக்கா சொல்றான். நான் பெத்த புள்ள சொல்லிக்கீதா இந்தமாரி? பேஜாராப் பூட்ச்சு சார்."

"மன்னிச்சுக்கோங்கக்கா. அவன் நல்ல எண்ணத்துலதான்..."

"அது தெரியும் சார். அவன் கண்ணு இல்ல. அவன் காலடி மண்ண எட்த்து மொளகாயோட சுத்திப் போட்டேன். அடுப்புல போட்டதும் தெருவே இருமுச்சு. நெடி வந்துச்சுன்னா திருஷ்டி இல்லன்னு அர்த்தம். பையன் சுத்தம்."

"அப்போ அவன வேலைக்குச் சேத்துக்கலாமேக்கா?"

"அதெப்டி? கிளிப்புள்ளைக்குச் சொல்லிக் குட்த்தது யாரு?"

"நான்தான்கா," என்றேன்.

"உங்க காலடி மண்ணு வோணும் சார். அத்த கழிச்சாத்தான் அவன உள்ள வுடுவேன். இல்லாங்காட்டி நாளைக்கி இன்னொரு புக்க எட்த்துகினு வருவான்."

"அக்கா, நான் ஜெர்மனில இருக்கேன்."

"ஏன், அங்க மண்ணு இல்லியா?"

5

எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று சங்கீதா கேட்டாள். தெரியவில்லை என்றேன். பொய் இல்லை. நம்புகிறவர்களோடு வளர்ந்தேன், நம்பாதவர்களோடு வேலை செய்கிறேன். நடுவில் நிற்கிறவனுக்கு எல்லாமே ஒரு பரிசோதனையாகத்தான் தெரிகிறது. வசந்தைக் கடைக்குள் விட ஒரு பிடி மண் போதும் என்றால், ஒரு பிடி மண் பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான் என்று தபால் அலுவலகத்தில் தெரிந்தது.

முந்தின நாள் மழை. வீட்டுக்குப் பின்னால் பூங்காவில் ஈரமண்ணில் நாலு எட்டு நடந்தேன். திரும்பிப் பார்த்து என் காலடியிலிருந்தே ஒரு கரண்டி மண்ணை எடுத்து ஜிப் வைத்த பையில் போட்டேன். நாய் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

கவுண்டரில் இருந்த பெண்மணி சுங்கப் படிவத்தை என் பக்கம் திருப்பினார். உள்ளே என்ன என்றார். மண் என்றேன். பூந்தொட்டி மண்ணா? இல்லை, சாதாரண மண். மதிப்பு? மதிப்பு இல்லை என்றேன். மதிப்பு இல்லாததை அனுப்ப முடியாது, ஏதாவது ஒரு தொகை எழுத வேண்டும் என்றார். பிறகு நோக்கம். பரிசு, ஆவணம், வணிக மாதிரி, மற்றவை என்று கட்டங்கள் இருந்தன. நான் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யாருடைய கல்லறைக்காவதா?"

அப்படிக் கேட்ட விதத்தில் ஒரு கனிவு இருந்தது. இங்கேயும் மண்ணை எங்கிருந்தோ எங்கேயோ எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்லை. ஓர் உணவகத்துக்கு," என்றேன்.

கனிவு போய்விட்டது.

உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார். மண் உயிருள்ள பொருளுக்குச் சமம், அதில் பூச்சி இருக்கலாம், விதை இருக்கலாம், போய்ச் சேரும் நாட்டின் அனுமதிச் சீட்டு இல்லாமல் எடுத்துக்கொள்ள முடியாது என்றார். அனுமதிச் சீட்டை எங்கே வாங்குவது என்றேன். உங்கள் நாட்டில்தான் என்றார். அதில் காரணம் என்ன எழுத வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மண்ணைப் பூங்காவிலேயே எடுத்த இடத்தில் கொட்டினேன்.

அன்று மாலை கூட்டத்தின் வாட்ஸப் குழுவில் நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். பிறகு கௌசல்யா குரல் பதிவு ஒன்று அனுப்பினாள்.

"அண்ணா, காலடி மண்ணுன்னா நீங்க இப்போ நிக்கிற மண்ணுதான் வேணும்னு இல்லியே. உங்க பழைய செருப்பு எதுனா ஊர்ல கெடக்குதா?"

6

கிடந்தது. போன முறை மழைக்காலத்தில் ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் வீட்டுப் பக்கம், ஊரப்பாக்கம் தெருவில் முழங்கால் தண்ணீரில் நடந்த ரப்பர் செருப்பு. அடியில் காய்ந்த சேற்றோடு அம்மா அதை வாசல் மூலையில் வைத்திருக்கிறாள். கழுவக்கூட விடவில்லை, என் கால் பட்டது என்று.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும் போனே சூடாகிவிட்டது.

"இன்னாது? என் புள்ள கண்ணு கொள்ளிக்கண்ணா? கடல் தாண்டி வந்து அவ இட்லி மேல படுமாமா? அவ இட்லிய நீ துன்னதுகூட இல்லியேடா!"

"அம்மா, அந்தப் பையனுக்காக..."

"எந்தப் பையனுக்காகவும் இல்ல. செருப்பக் குடுத்தா ஒத்துகினாமாரி ஆயிடும். நாளைக்கு ஊரே சொல்லும், அந்த வூட்டுப் புள்ள கண்ணு பொல்லாதுன்னு. நீ லீவுல வந்தா எவ தன் கொழந்தைய உன்கிட்ட காட்டுவா?"

யோசித்தால் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்பா பின்னாலிருந்து, "வுடு, புள்ளைங்க வெவகாரம்" என்றது கேட்டது. அம்மா போனை வைத்துவிட்டாள்.

கட்டணக் கெடுவுக்கு ஒரு வாரம்கூட இல்லை. குடோனில் வார முடிவில் மட்டும்தான் வேலை, அது போதாது. குழுவில் யோசனைகள் பறந்தன. அரவிந்த் போன மாதம் படித்த புத்தகத்தைப் புரட்டிவிட்டு, எதிராளிக்கு என்ன லாபம் என்பதை முதலில் சொல்ல வேண்டும், அம்மாவிடம் அப்படி எடுத்துச் சொல்லலாம் என்றான். "எங்கம்மாகிட்ட லாபம் பேசினா செருப்புதான் வரும், வேற விதமா," என்றேன். வசந்த் மட்டும், "நான் போய்ப் பாக்குறேண்ணா" என்று ஒரு வரி போட்டான்.

"என்ன பேசப்போற?"

கட்டைவிரல் படம் ஒன்று மட்டும் வந்தது.

மறுநாள் மத்தியானம் அம்மாவே அழைத்தாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"அந்தப் பையன் வந்தான்டா."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. வாசல்ல நின்னான். சாப்டியான்னு கேட்டேன். தலைய ஆட்டுனான், இல்லன்னு. உக்காருன்னேன். கருவாட்டுக் கொழம்பு வச்சிருந்தேன். போட்டேன். துன்னான். திரும்ப தட்ட நீட்டுனான். போட்டேன். மூணாந்தபா சட்டில இருந்தத வழிச்சுப் போட்டேன், உங்கப்பாவுக்குக்கூட இல்ல. நல்லாக்கீதுன்னு ஒரு வார்த்த வாயத் தொறந்து சொல்லல அந்தப் புள்ள."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? தட்டக் கழுவி வச்சுட்டு திரும்ப வாசல்ல போயி நின்னான். செருப்ப எடுத்து கவர்ல போட்டுக் குட்த்துட்டேன். மண்ணச் சொரண்டிகினு செருப்ப பத்திரமா கொணாந்து குடுத்துரணும்னு சொல்லிக்கீறேன்."

வசந்திடம் பிறகு கேட்டேன், ஏண்டா குழம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று. "பயமா இருந்துச்சுண்ணா," என்றான். "குழம்பு அவ்ளோ நல்லா இருந்துச்சு."

7

ஞாயிற்றுக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். எனக்கு இங்கே பிற்பகல். அரவிந்த் கைபேசியைப் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நின்றான். பள்ளத்தின் மேல் ஒரு பலகை போட்டிருந்தார்கள். கௌசல்யா பேருந்து மாறி மாறி அவ்வளவு தூரம் வந்திருந்தாள். நெடி வருகிறதா இல்லையா என்று தன் மூக்கால் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டேன் என்றாள். வசந்த் பலகைக்கு இந்தப் பக்கமே நின்றான்.

சுலோச்சனா அக்காவை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். நான் கற்பனை செய்ததைவிடச் சின்ன உருவம். வயதும் அதிகமில்லை, என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். திரையில் என்னைப் பார்த்து, "சாப்ட்டீங்களா சார்?" என்றார். ஆயிற்று என்றேன். பிறகு கத்தி முனையால் என் செருப்பின் அடியிலிருந்து சேற்றைச் சுரண்டினார். உப்பு, மிளகாய், மண் மூன்றையும் கைக்குள் வைத்துக் கடையைச் சுற்றினார். மோட்டாருக்குப் புதுக் காயில் கம்பி கட்டி வந்திருந்த கிரைண்டரைச் சுற்றினார். எதுவும் பேசாமல், கொட்டாங்குச்சி எரிந்துகொண்டிருந்த சட்டியில் போட்டார்.

யாழினி என் தோளில் தொங்கிக்கொண்டு பார்த்தாள். சங்கீதாவும் பின்னால் வந்து நின்றுவிட்டாள்.

மிளகாய் கறுத்தது. புகை வந்தது. அரவிந்த் கைபேசியைக் கிட்டே கொண்டுபோனான். யாரும் இருமவில்லை.

"நெடி வரல," என்றான் கௌசல்யா பக்கம் திரும்பி.

"காத்து ரயில் ரோட்டுப் பக்கம் அடிக்குது," என்றாள் அவள், சட்டிக்கு மேலேயே குனிந்து மோந்து பார்த்துவிட்டு. "ஆனா அன்னிக்கும் இதே காத்துதான் அடிச்சுதாமே?"

"மொளகா பழசா இருக்கும்," என்றான் அரவிந்த்.

"அதே பாக்கெட்டுதான்," என்றார் அக்கா. "வசந்துக்குச் சுத்துனதும் இதே பாக்கெட்டு."

அவர்கள் மூவரும் அந்த மிளகாயை ஏதோ ஆய்வுக்கூடத்தில் இருப்பதுபோல அலசிக்கொண்டிருந்தார்கள். சேறு அதிகமோ, உப்பு குறைவோ, மண்ணில் சாக்கடை கலந்திருந்ததோ என்று. பாராட்டு வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் கொடுத்த ஒரு வாரப் பயிற்சி, எந்தப் புத்தக ஆசிரியரும் நினைத்துப் பார்க்காத இடத்துக்கு வந்து நின்றிருந்தது. எனக்கு அவமானமாக இல்லை. என் கண்ணுக்கு இத்தனை தூரம் பாயும் சக்தி இருக்கிறதா என்று ஆச்சரியமாகத்தான் இருந்தது. பின்னாலிருந்து சங்கீதா, "உவேயோட அளவுக் கருவிங்க எப்டி இருக்குன்னு நாளைக்குப் போய்ப் பாருங்க" என்றாள்.

அக்கா கையைக் கழுவினார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "டேய், அங்க இன்னா வேடிக்க பாத்துகினு கீற? சட்னிக்குத் தேங்கா யாரு துருவுவா, உங்க புக்கு சாரா?"

வசந்த் பலகையைத் தாண்டி உள்ளே போனான். ஓடவில்லை. உள்ளே போனவன் வெளியே எட்டிப் பார்க்கவும் இல்லை. துருவுகோலின் சத்தம் மட்டும் கேட்டது.

"சார்," என்றார் அக்கா, இப்போது கைபேசியைத் தானே வாங்கிக்கொண்டு. "தப்பா எட்த்துக்காதீங்க. உங்க மேல கோவம் இல்ல. படிக்கட்டும், நல்லாப் படிக்கட்டும். கடையப் பத்தி மட்டும் அவன் வாயத் தொறக்காம பாத்துக்கங்க."

"சரிக்கா. செலவ நான் தரேன்கா. மோட்டாருக்கும் சேத்து."

"மோட்டாரு என் தலையெழுத்து, அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க? கழிச்ச செலவ மட்டும் குடுங்க." காலையில் உடைத்த பூசணிக்காய், எலுமிச்சை, கற்பூரம், மிளகாய், வாசலில் கட்டிய படிகாரம் என்று விரல்விட்டுச் சொன்னார். இருநூற்று நாற்பது ரூபாய்.

கடையின் கியூ.ஆர். அட்டையை அரவிந்த் காட்டினான். ஊர்ப் பழக்கம் கையை விடவில்லை. யாருக்கு எது கொடுத்தாலும் மேலே ஒன்று வைத்துத்தானே கொடுக்கிறோம். அனுப்பினேன். கடையிலிருந்த சிறிய ஒலிபெருக்கிப் பெட்டி அந்தி இருட்டில் உரக்க அறிவித்தது: இருநூற்று நாற்பத்தொரு ரூபாய் பெறப்பட்டது.

அக்கா அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னை.

"ஒத்த ரூபா எதுக்கு சார்? கல்யாணமா இது? மேல மேல வளரணுமா?"

நான் வாயைத் திறக்கும் முன் என் கைபேசியில் ஒரு மணி அடித்தது. ஒரு ரூபாய் திரும்பி வந்திருந்தது.

அந்தப் பருவம் வசந்த் கட்டணம் கட்டினான். அக்கா முன்கூலியாகக் கொடுத்தாராம். அடுத்த மாதத்துக்கு, குறை சொல்வதைப் பொறுத்துக்கொள்வது எப்படி என்ற புத்தகத்தைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள். பாராட்டைப் பற்றி உலகம் முழுக்க விற்கும் ஒரு கருத்தை ஊரப்பாக்கம் ஸ்டேஷன் ரோட்டில் செய்து பார்த்ததற்கு எங்களுக்கு ஆன செலவு, திரும்பி வந்த அந்த ஒரு ரூபாய் போக, இருநூற்று நாற்பது ரூபாய்.